அம்மாவின் தூக்கத்துக்கு அக்குபங்சர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கே விழித்துவிடுகிறார். முதல் ரயில் கடக்கும்வரை ஜன்னலோரம் செபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறார். பார்க்கப் பொறுக்கவில்லை.

தூக்கக் குளிசை வேண்டவே வேண்டாம் என்கிறார். மாலைத் தேநீரை நிறுத்தினோம். பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் கொடுக்கிறோம். மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம் உள்ள ஷென்மென் என்ற அக்குபங்சர் புள்ளியை மெதுவாக அழுத்திவிட்டால் கொஞ்சம் அமைதியாகிறார். அதனால்தான் ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சரிலும் நம்பிக்கை வந்தது.

களுபோவில வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய வளர்த்த அக்குபங்சர் சிகிச்சை இப்போதும் அங்கே கிடைக்கிறதா? புதிய ஊசி மட்டுமே பயன்படுத்தும், பதிவுபெற்ற வைத்தியர் யாரையாவது தெரியுமா? தமிழ் பேசுபவர் என்றால் அம்மா மனம்விட்டுப் பேசுவார். பிரஷர் குளிசை எடுப்பதால் தூக்கத்துக்குச் சொல்லப்படும் அமுக்கரா (அஸ்வகந்தா) மூலிகையை நாங்களாகக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. யாரேனும் வைத்தியரிடம் கேட்டுக் கொடுத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.