வானம் கறுத்தாலே பதறும் பிள்ளைகள்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

ஏரல் பக்கம், ஆசிரியை:
2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரைப் பள்ளிக்கூடங்களில் அடிக்கடி பார்த்தது இது: மேகம் இருட்டினால் புத்தகப் பையைத் தூக்கி மடியில் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். "ஒண்ணுமில்லலே, உக்காரு" என்று அதட்டினால் வாய்தான் மூடும், பயம் அப்படியே இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழையை அனுபவித்த பிள்ளையிடம் "இனிமே வராது" என்றும் சொல்ல வேண்டாம். அடுத்த ஐப்பசியிலேயே நம் பேச்சு பொய்யாகிவிடும். "தண்ணி ஏறுனா யார் வீட்டு மாடிக்குப் போறோம், யார் உன் கையப் பிடிச்சுக்கிடுவா" என்று வழியைச் சொல்லுங்கள். அவசரப் பையைப் பிள்ளையே அடுக்கட்டும்: டார்ச், தண்ணீர் பாட்டில், மாற்று உடுப்பு ஒன்று, வீட்டார் போன் நம்பர் எழுதிய அட்டை. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போடணும், இல்லையென்றால் முதலில் அழிவது அந்த நம்பர்தான்.

மூச்சுப் பயிற்சியும் உதவும். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, சூடான பாலை ஊதுவதுபோல ஆறு எண்ணும்வரை வெளியே விடணும், ஐந்து முறை. பிள்ளை சிரித்து விளையாடும் நேரத்தில் பழக்குங்கள். அழுகைக்கு நடுவில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் எடுபடாது.

பாளையங்கோட்டை, குழந்தைகள் ஆலோசகர்:
டீச்சர் சொன்னதோடு வீட்டு விஷயமும் சேர்க்கிறேன். படுக்கையை நனைப்பது, வயிற்றுவலி, அம்மா சேலையை விடாதது எல்லாம் முதல் சில வாரம் இருக்கத்தான் செய்யும். அடிக்கவோ கேலி பேசவோ வேண்டாம். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு டிவியில் திரும்பத் திரும்ப ஓடும் காட்சி ஒவ்வொரு தடவையும் புதிதாக நடப்பதாகத் தோன்றும், அணைத்துவிடுங்கள். வீடு மூழ்கும் விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். தினமும் எல்லாரும் செத்தே முடிகிறதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "கடக்கரையில இருந்து வல்லம் வருதே, யார ஏத்துவோம்?" என்று கேளுங்கள். அன்றைக்கு மீனவர்கள் படகோடு வந்து காப்பாற்றியது உண்மைதானே.

இறந்துபோன ஆச்சியை "தூங்குதா" என்று சொன்னால் பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். "ஆச்சி எறந்துட்டா, மூச்சு நின்னுட்டு, இனி வர மாட்டா, வலியும் இருக்காது" போதும். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லி நெருக்க வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். சாகணும் என்று ஒரு வார்த்தை வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பெரியவர் துணையில்லாத பிள்ளைக்கு, குழந்தைகள் உதவி எண் 1098.

மேலப்பாளையம், பள்ளி ஆசிரியர்:
மனிதர் செய்த கொடுமையில் இன்னொரு சிக்கல் உண்டு. 2025 ஏப்ரல் 22 காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் சுட்டு 26 பேர் கொல்லப்பட்டபோது, பெரியவர்கள் பேசிய வெறுப்புப் பேச்சைப் பிள்ளைகள் அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். "நீ என்ன கேள்விப்பட்ட?" என்று முதலில் கேட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சுடப்பட்டவர்களில் அந்த ஊர்க் குதிரைக்காரர் சையது ஆதில் ஹுசைன் ஷாவும் ஒருவர், சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் இறந்தவர். இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளணும்.

உதவி சேர்க்கும்போது, பாதிக்கப்பட்ட பிள்ளையை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுப்பது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். இரண்டு நோட்டு, இரண்டு பென்சில், ரப்பர், துருவி என்று ஒரு பைக்கு எண்ணிப் போடட்டும். கிழிந்த சட்டை மூட்டைக்கு வந்தால், "இத நீ போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவியா?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். எதை எடுத்துப்போடணும் என்று அவர்களே பிரித்துவிடுவார்கள்.