முகாமில் வளர்ந்த பெண்ணுக்குச் சென்னையில் கணக்கர் வேலை: வழி சொல்லுங்கள்

வணக்கம். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த என் மாணவிக்காகக் கேட்கிறேன். பி.காம். முடித்திருக்கிறாள், டேலி கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரியும். நேர்காணலில் தேர்வாகிவிடுகிறாள், அப்புறம் ஆவணச் சரிபார்ப்பில் நின்றுவிடுகிறது.

பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கேட்கிறார்கள். பெற்றோர் 1990-இல் வந்தவர்கள். 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அதனால் இவளுக்கு இரண்டுமே கிடைக்காது. ஆதார், பான், அகதி அடையாள அட்டை மூன்றையும் கொடுத்தோம். வட்டாட்சியர் அலுவலகக் கடிதமும் காட்டினோம். போன மாதம் கிண்டியில் ஒரு நிறுவனம் சேரச் சொல்லிவிட்டு, மறுவாரமே வேண்டாம் என்றது. இவ்வளவு படித்தவள் தினக்கூலிக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அகதி அட்டையை வைத்துச் சென்னையில் அலுவலக வேலையில் சேர்ந்தவர்களிடம், சரிபார்ப்பில் எந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள்?