பென்னாகரம் ரோடு கடைக்காரங்க குழு: 399 ரூபாய் கீ

[காலை 10:04] ஜெராக்ஸ் செல்வி: முனியப்பண்ணா, கடையில ரெண்டு சிஸ்டத்துலயும் ஸ்கிரீன் ஓரத்துல "ஆக்டிவேட் விண்டோஸ்"னு வந்து நிக்குது. ஆன்லைன்ல விண்டோஸ் 11 ப்ரோவ ஆக்டிவேட் பண்ற 25 எழுத்துக் கீ 399, ஆபீஸ் 2021 ப்ரோ பிளஸ் சேத்து 699னு போட்டிருக்கான். ஒரிஜினலாம், லைஃப்டைமாம். வாங்கிடவா?

[10:07] சர்வீஸ் முனியப்பன்: இருமா, காச கட்டிடாத. ரெண்டும் என்ன சிஸ்டம்?

[10:09] ஜெராக்ஸ் செல்வி: ஒன்னு பெங்களூர் கம்பெனில கழிச்ச டெஸ்க்டாப், ஐ5 எட்டாவது ஜெனரேஷன். செகண்ட் ஹேண்ட். இன்னொன்னு பெங்களூர் எஸ்.பி. ரோடு பார்ட்ஸ்ல அசெம்பிள் பண்ணது.

[10:12] சர்வீஸ் முனியப்பன்: ரெண்டுக்கும் வைத்தியம் வேற. முதல்ல ஐ5. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அழுத்து. சின்ன பெட்டி வரும். அதுல எஸ், எல், எம், ஜி, ஆர்னு அஞ்சு எழுத்து, ஒரு இடைவெளி, சாய்ஞ்ச கோடு (கேள்விக்குறி பட்டன்ல இருக்கிறது), ஒட்டி டி, எல், ஐ. என்டர். பத்து செகண்ட் ஆகும், வரலன்னு திரும்பத் திரும்ப அழுத்தாத.

[10:13] கோவிந்தன் சார்: ஒகேனக்கல் தண்ணி இன்னிக்கு வருமா யாருக்காச்சும் தெரியுமா?

[10:13] ஸ்டூடியோ மாது: மதியத்துக்கு மேலன்னாங்க சார்

[10:16] ஜெராக்ஸ் செல்வி: வந்துருச்சுண்ணா. டிஸ்கிரிப்ஷன் வரி கடைசியில "வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட் சேனல்". பார்ஷியல் கீ டி83ஜிஎக்ஸ். ஸ்டேட்டஸ் நோட்டிஃபிகேஷன்.

[10:21] சர்வீஸ் முனியப்பன்: நோட்டிஃபிகேஷன்னா ஆக்டிவேட் ஆகலன்னு அர்த்தம். அந்த டி83ஜிஎக்ஸ்ல முடியுற கீ மைக்ரோசாஃப்ட்டே தன் சைட்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டு வெச்சிருக்கிற கீ. ப்ரோவுக்கான பொதுக் கீ. தனியா அதுக்கு மதிப்பே இல்ல. பெரிய கம்பெனி உள்ள கேஎம்எஸ்னு ஒரு சர்வர் இருக்கும், குறைஞ்சது 25 கம்ப்யூட்டர் அதுகிட்ட போய் நின்னாத்தான் ஆக்டிவேட் பண்ணும். அதுவும் 180 நாளைக்குத்தான். 7 நாளைக்கு ஒருதரம் சர்வரைத் தேடிப் புதுப்பிச்சுக்கும். உன் கடையில சர்வர் ஏது? விக்கிறப்ப யாரோ திருட்டு ஆக்டிவேஷன் டூல் போட்டு ஓட்டி விட்டிருக்கான், 180 நாள் தீர்ந்ததும் எழுத்து வந்துருச்சு.

[10:22] சர்வீஸ் முனியப்பன்: அந்த 399 கீயும் இதே சேனலா, அதாவது இதே ரகக் கீயா இருந்தா திரும்ப இதே கதைதான்.

[10:24] சந்துரு: ண்ணா, அமெரிக்காவுல ப்ரோ 199.99 டாலர்னு போட்டிருக்கு. இவனுக்கு எப்படிண்ணா 399 ரூபாய்ல கட்டுப்படி ஆகுது?

[10:31] சர்வீஸ் முனியப்பன்: அவன் சாஃப்ட்வேர் விக்கல தம்பி, வெறும் 25 எழுத்து விக்கிறான். கீ எங்கிருந்து வந்ததுங்கறதுதான் விஷயம். ஒன்னு, கம்பெனிக்குக் குடுத்த எம்ஏகே. ஒரே கீ, இத்தனை தடவைன்னு கணக்கு. உள்ள இருக்கிறவன் யாரோ வெளிய விட்டுட்டா நூறு பேருக்குப் பிரிச்சு வித்துடுவாங்க. ரெண்டு, டெவலப்பர் சந்தா, காலேஜ் கணக்குல வர்ற கீ. மூணு, உடைஞ்ச லேப்டாப் ஸ்டிக்கர்ல இருந்து எடுத்தது. நாலு, திருட்டு கார்டுல வாங்கினது. கார்டுக்காரன் புகார் குடுத்ததும் கீ செத்துரும். எது வந்தாலும் முதல் நாள் பச்சை டிக் விழும். அதை வெச்சு ஒரிஜினல்னு நம்பக் கூடாது.

[10:33] சர்வீஸ் முனியப்பன்: எம்ஏகே-வ மைக்ரோசாஃப்ட் முடக்கினா ஓடுற மெஷின் அன்னிக்கே நிக்காம இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு புதுசா ஏத்தறப்பதான் தெரியும். எரர் நம்பர் சி003ல முடிஞ்சா கீ முடக்கம். சி008 வந்தா கணக்குக்கு மேல பயன்படுத்தியாச்சு. எஃப்074னா கேஎம்எஸ் சர்வர் கிடைக்கல.

[10:36] ஆடிட்டர் ஆபீஸ் கவிதா: போன் ஆக்டிவேஷனையும் சொல்லுங்கண்ணா, அதுலதான் ஜனங்க மாட்டுறாங்க

[10:41] சர்வீஸ் முனியப்பன்: ஆமா. கீ போட்டதும் ஆக்டிவேட் ஆகாது. "இன்ஸ்டலேஷன் ஐடி போட்டோ அனுப்புங்க"ம்பான். ஏழேழு இலக்கமா ஒன்பது கட்டம், மொத்தம் 63. பதிலுக்கு 48 இலக்கம் குடுப்பான். அப்படிக் கேட்டாலே அந்தக் கீயோட ஆன்லைன் கணக்கு தீர்ந்துபோச்சுன்னு புரிஞ்சுக்கணும். மறுபடி ஃபார்மட் பண்ணா திரும்ப அவன் தயவு வேணும். ஆறு மாசம் கழிச்சு அந்தக் கடை இருக்குமா? சிலபேர் எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே உன் மெஷினை இயக்கற சாஃப்ட்வேர்) போடுங்க, நானே பண்ணித் தரேன்பான். ஆதார், பத்திரம் ஸ்கேன் பண்ற மெஷின்ல அதுமட்டும் ஆகாது.

[10:44] சந்துரு: யூரோப்ல பழைய லைசென்ஸ் விக்கறது சட்டப்படி சரின்னு அந்த சைட்லயே எழுதியிருக்கே

[10:48] ஆடிட்டர் ஆபீஸ் கவிதா: அது 2012ல ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் வழக்குல குடுத்த தீர்ப்பு, சந்துரு. நிரந்தர லைசென்ஸ் வாங்கினவர் தன்கிட்ட இருக்கிற நகலை அழிச்சுட்டு முழுசா அடுத்தவருக்கு விக்கலாம்னு. மொத்த லைசென்ஸைப் பிரிச்சு சில்லறை விக்கலாம்னு சொல்லல. தருமபுரிக்கு அந்தத் தீர்ப்பு செல்லவும் செல்லாது. நம்ம ஊருக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி. திருட்டு நகல்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் சிறை, 50,000த்துல இருந்து 2 லட்சம் அபராதம். வியாபாரத்துக்கு இல்லாத பட்சத்துல கோர்ட்டு அபராதத்தோட விடலாம். கடைக்காரங்க அந்தச் சலுகையக் கேக்க முடியாது.

[10:50] ஆடிட்டர் ஆபீஸ் கவிதா: செல்விக்கா, எங்க வாங்கினாலும் கடை பேர்ல ஜிஎஸ்டி பில் கேளுங்க. சாஃப்ட்வேருக்கு 18 சதவீதம். தமிழ்நாட்டு பில்லுன்னா ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்கும், வரிய மத்திய, மாநிலப் பங்கா 9ம் 9மா பிரிச்சிருக்கும். பெங்களூர்னா 29, வெளிமாநில பில்லுக்கான ஐஜிஎஸ்டி 18. எழுத்தும் எண்ணுமா 15 இருக்கிற அந்த நம்பர ஜிஎஸ்டி சைட்ல தேடிப் பாருங்க. கடை பேர் ஒன்னும் அங்க வர்ற பேர் ஒன்னுமா இருந்தா விட்டுடுங்க. 399க்கு விக்கறவங்க பெரும்பாலும் பில்லுன்னதும் பேச்ச மாத்துவாங்க.

[10:53] ஜெராக்ஸ் செல்வி: சரி கவிதா. அண்ணா அப்ப ஐ5க்கு என்ன பண்றது

[10:57] சர்வீஸ் முனியப்பன்: கம்பெனில கழிச்ச மெஷின்னா பெரும்பாலும் மதர்போர்டுல இருக்கிற பயாஸ்லயே ஒரு கீ பதிஞ்சிருக்கும். காசே வேணாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல "ஷோகீபிளஸ்"னு தேடி இறக்கு. திறந்ததும் ரெண்டு கீ காட்டும், ஒன்னு இப்ப போட்டிருக்கிறது, இன்னொன்னு ஓஇஎம் கீ, அதாவது மெஷின் தயாரிச்ச கம்பெனி பயாஸ்ல போட்டது. ஓஇஎம் பக்கத்துல ஹோமா ப்ரோவான்னு பாரு. முழுக் கீய குரூப்ல போட்டோ போட்டுடாத!

[11:02] ஸ்டூடியோ மாது: முனியப்பா, போட்டோஷாப் லைஃப்டைம் கீ 1500ன்னு ஒருத்தன் சொல்றான், அது?

[11:04] சர்வீஸ் முனியப்பன்: மாதுண்ணா, இன்னிக்கு வர்ற போட்டோஷாப்புக்கு லைஃப்டைம் கீன்னு ஒன்னே கிடையாது. 2012ல வந்த சிஎஸ்6தான் கடைசி. 2013ல இருந்து மாசச் சந்தா, கீயே இல்ல, லாகின்தான். அவன் தர்றது ஒன்னு கிராக், இல்ல வேற யாரோட காலேஜ் அக்கவுன்ட். கல்யாண சீசன் நடுவுல லாகின் போச்சுன்னா ஆல்பத்த யார் முடிப்பா?

[11:06] சந்துரு: மைக்ரோசாஃப்ட் 365 (ஆபீஸ் சந்தா) அக்கவுன்ட் 499க்கு, அஞ்சு டிவைஸ்னு வருதே, அதுவுமா?

[11:11] சர்வீஸ் முனியப்பன்: அதான் இருக்கறதுலயே மோசம். உன் மெயில் ஐடி இல்லாம அவனே ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு குடுப்பான். அப்ப அது அவன் நிறுவனத்துல நீ ஒரு ஊழியர் மாதிரி. அட்மின் அவன். ஒன்டிரைவ்ல நீ போடுற ஃபைல அவன் திறக்கலாம், அக்கவுன்ட்ட ஒரே கிளிக்ல அழிக்கலாம். நிஜமான ஃபேமிலி பிளான்ல உன் சொந்த ஐடிக்கு அழைப்பு வரும், ஒரு சந்தாவுல 6 பேர், ஆளுக்கு 1 டிபி. உனக்கு காலேஜ் மெயில் இருந்தா அதைப் போட்டு மைக்ரோசாஃப்ட் எஜுகேஷன் பக்கத்துல பாரு. காலேஜ் பதிவு பண்ணியிருந்தா வெப்ல வேர்டு, எக்செல் ஓசி.

[11:13] சர்வீஸ் முனியப்பன்: செல்வி கேட்ட ஆபீஸ் 2021 ப்ரோ பிளஸ்சும் தனி ஆளுக்குக் கடையில விக்கற ரகம் இல்ல, கம்பெனிகளுக்கானது. 2021க்கு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13ஓட முடியுது. கடைக்குன்னா "ஹோம் அண்ட் பிசினஸ் 2024"னு கேட்டு வாங்கணும், வெறும் "ஹோம்" வீட்டுக்கு மட்டும். லெட்டர் அடிக்கறதுக்கு ஓசில கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் போதும். பாமினி எழுத்துருவும் அதுல வேலை செய்யும்.

[11:15] ஆடிட்டர் ஆபீஸ் கவிதா: டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) பத்தி நானும் ஒன்னு. பழைய டாலி சீரியல் நம்பர் பாதி விலைக்குன்னு வந்தா, அக்கவுன்ட் அட்மின் மெயில் யாரோடதுன்னு முதல்ல கேளுங்க. விக்கறவன் மெயில்லயே இருந்தா லைசென்ஸ் அவனோடது, எப்ப வேணா உங்க மெஷின்ல இருந்து எடுத்துக்குவான். அப்புறம் எஜுகேஷன் மோடுக்கு விழுந்துரும், 1, 2, 31 தேதிகள்ல மட்டும்தான் என்ட்ரி போட முடியும்.

[11:20] ஜெராக்ஸ் செல்வி: அண்ணா! ஓஇஎம் கீ இருக்கு. விண்டோஸ் 10 ப்ரோன்னு காட்டுது. இப்ப ஓடறது 11 ஆச்சே?

[11:23] சர்வீஸ் முனியப்பன்: பரவால்ல, 10 கீ 11க்கும் எடுக்கும். ரெண்டும் ப்ரோங்கறதால ஃபார்மட்டும் வேணாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், "சேஞ்ச் புராடக்ட் கீ". அந்த ஓஇஎம் கீய ஒட்டு. நெட் கனெக்ஷன் இருக்கணும். பயாஸ்ல ஹோம் கீ இருந்து மேல ப்ரோ ஏத்தியிருந்தாத்தான் ஹோமா திரும்ப ஏத்தணும். பலபேர் அது தெரியாம ப்ரோ கீ தேடி அலையறாங்க.

[11:25] கோவிந்தன் சார்: யுபிஐல ஏற்கெனவே காசு கட்டியிருந்தா திரும்ப வாங்க முடியுமா தம்பி? பக்கத்து வீட்டுப் பையன் கேக்கச் சொன்னான்

[11:28] ஆடிட்டர் ஆபீஸ் கவிதா: கிரெடிட் கார்டுன்னா பேங்க்ல டிஸ்பியூட் போடலாம் சார். யுபிஐல நாமளே பின் போட்டு அனுப்பினது, அப்படித் திரும்பாது. ஏமாத்துன்னு உறுதின்னா உடனே 1930க்கு அடிக்கச் சொல்லுங்க. கீ குடுத்துட்டு வேலை செய்யலன்னா 1915, நுகர்வோர் உதவி எண்.

[11:34] ஜெராக்ஸ் செல்வி: "ஆக்டிவேட்டட் வித் எ டிஜிட்டல் லைசென்ஸ்"னு வந்துருச்சு அண்ணா. எழுத்தும் போயிருச்சு. சேனல் ஓஇஎம்_டிஎம்னு மாறியிருக்கு.

[11:37] சர்வீஸ் முனியப்பன்: சரியா வந்துருக்கு. மதர்போர்டு மாத்தாத வரைக்கும் அது அந்த மெஷின்லயே இருக்கும். இன்னும் ஒரு வேலை. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழ போய் எக்ஸ்க்ளூஷன்ஸ். பழைய டூல் போட்டவன் டிஃபென்டர் (விண்டோஸோட வர்ற ஆன்டிவைரஸ்) பாக்காம இருக்க அதுல ஏதாச்சும் ஃபோல்டர் சேத்து வெச்சிருப்பான். இருந்தா எடுத்துட்டு ஃபுல் ஸ்கேன் விடு.

[11:41] ஜெராக்ஸ் செல்வி: ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சுண்ணா!! எடுத்துட்டேன். ஸ்கேன் ஓடுது. அசெம்பிளுக்கு?

[11:46] சர்வீஸ் முனியப்பன்: அதுல ஷோகீபிளஸ் போட்டாலும் ஓஇஎம் கீ காட்டாது. காசு குடுத்து ரீடெயில் கீ (தனி ஆளுக்குக் கடையில விக்கற ரகம்) வாங்கணும், அப்படி வாங்கினா உன் மைக்ரோசாஃப்ட் ஐடியோட இணைச்சுடு, போர்டு மாத்தினாலும் கொண்டு போகலாம். இல்ல, வெறும் பிரிண்ட் எடுக்கறதுக்கும் பிரவுசருக்கும்னா விண்டோஸுக்குப் பதிலா ஓசில கிடைக்கிற லினக்ஸ் மின்ட். 8 ஜிபி பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாரு. பிரிண்டர், ஸ்கேனர் ரெண்டும் எடுக்குதான்னு சோதி. கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ரெண்டையும் ஐ5லயே வெச்சுக்க, அதுங்க டிரைவர் பெரும்பாலும் விண்டோஸை நம்பித்தான் இருக்கு.

[11:47] ஸ்டூடியோ மாது: நாளைக்கு காலைல 9ல இருந்து பராமரிப்புக்கு கரண்ட் கட்டாம், இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு

[11:48] ஜெராக்ஸ் செல்வி: அப்ப மின்ட்ட இன்னிக்கு ராத்திரியே இறக்கிடறேன்