கச்சேரி மண்டபத்துக்கு ஸ்பிரிங், வீட்டுக்கு வெறும் ரப்பர் பேடா?

மணிமாலா:
லண்டனில் ஊருக்கு அடியில் சுரங்கத்தில் ஓடும் எலிசபெத் லைன் ரயில் பாதை பற்றிப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. பார்பிகன் கச்சேரி அரங்கு, சோஹோ ஒலிப்பதிவுக் கூடங்கள் போன்ற இடங்களுக்கு அடியில் தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் சிலாப்பைச் சுரங்கத் தரையோடு ஒட்டவிடாமல் மிதக்க வைத்திருக்கிறார்கள். வீடுகள் இருக்கும் பெரும்பாலான இடங்களில் சாதாரண சிலாப், அதன் மேல் தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப், அடியில் ரப்பர் பேட், அவ்வளவுதான். வடிவமைப்பு வரம்பே அப்படித்தான் இருக்கிறது: ரயில் போகும்போது கட்டடத்துக்குள் கேட்கும் உறுமல் பெரிய அரங்குகளில் 25 டெசிபல், வீடுகளில் 40. வயலின் கேட்பவருக்கு ஒரு நியாயம், ராத்திரி தூங்குகிறவருக்கு ஒரு நியாயமா?

ரயில்பித்தன்:
மேடம், 40 என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. பகலில் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். அரங்கில் ஒரு மெல்லிய இடத்தில் வாசிப்பு நின்றால் ஆயிரம் பேருக்கு அந்த உறுமல் கேட்கும், அதனால்தான் 25. எலிசபெத் லைனில் ஐந்து வகைத் தண்டவாள அமைப்புகளை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு எங்கே எது தேவையோ அதைப் போட்டார்கள். 42 கி.மீ. சுரங்கம் முழுக்க மிதக்கும் சிலாப் போடச் சொல்வது காய்ச்சலே இல்லாதவனுக்கும் ஊசி போடுவது மாதிரி.

குமரன்_73:
ஃபிரிட்ஜ் கணக்கை விடுங்கள் சார். ஃபிரிட்ஜ் ஒரே மாதிரி ஓடும், மூளை அதை மறந்துவிடும். ரயில் சில நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி அடங்கும், அதுவும் காதில் விழுவதற்கு முன் படுக்கையில் தெரியும். 2016இல் வெள்ளி, சனி இரவு முழுக்க ஓடும் நைட் டியூப் என்ற லண்டன் சுரங்க ரயில் சேவை தொடங்கியபோது சத்தம் பற்றிப் புகார் வந்ததே, அவர்கள் எல்லோரும் பகலில் ரயில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே?

ரயில்பித்தன்:
சரி, அப்படியென்றால் மிதக்கும் சிலாப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கனமான சிலாப், அடியில் ஸ்பிரிங் அல்லது ரப்பர். அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், நொடிக்கு 10 முறை (10 ஹெர்ட்ஸ்) என்றால், சுமார் 14க்கு மேல்தான் அதிர்வைத் தடுக்க ஆரம்பிக்கும். 10ஐ ஒட்டி அது அதிர்வைக் *கூட்டும்*. இன்னும் கீழே இறக்கி 5 ஹெர்ட்ஸ் ஆக்கலாமே என்பீர்கள். 10 ஹெர்ட்ஸுக்கு சிலாப்பின் சொந்த எடையில் ஸ்பிரிங் இரண்டரை மி.மீ. அமுங்கினால் போதும், 5 ஹெர்ட்ஸுக்கு 10 மி.மீ. அமுங்க வேண்டும். அதற்கு மேல் ரயில் ஏறினால் தண்டவாளம் எவ்வளவு இறங்கி ஏறும் என்று யோசியுங்கள். பெய்ஜிங் 4ஆம் லைன் பீக்கிங் பல்கலைக்கழகத்தை ஒட்டிப் போகும் இடத்தில் ஸ்டீல் ஸ்பிரிங் சிலாப்தான் போட்டார்கள். அப்படியும் தாழ்ந்த அதிர்வெண்ணில் மிச்சமிருந்த அதிர்வு ஆய்வுக் கருவிகளுக்குத் தொல்லையாகத்தான் இருந்தது.

குமரன்_73:
அது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கதை, மனுஷன் கதை இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் 60 செ.மீ. இடைவெளியில் இருந்து வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு 28 முறை ஒவ்வொரு ஸ்லீப்பரையும் தாண்டுகிறது. வீட்டுக்குள் கேட்கும் உறுமல் பெரும்பாலும் அதற்கும் மேலேதான். அங்கே மிதக்கும் சிலாப் தடுக்கும் அளவுக்குக் கிளிப்புக்குக் கீழே வைக்கும் பேட் ஒருநாளும் தடுக்காது, சக்கரத்தின் எடையோடு சேர்ந்து அதுவே 30, 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஆட ஆரம்பித்துவிடும்.

பாலத்தடி:
நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன், வேறு ஊரில். இரண்டு பேரும் திறப்பு விழா நாளையே பேசுகிறீர்கள். ஸ்பிரிங் சிலாப் போடும்போது பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு ஜாக்கி வைத்து மூன்று நான்கு செ.மீ. தூக்குவார்கள், பார்க்கவே அழகாக இருக்கும். அந்த இடுக்கில் பிறகு என்ன சேருகிறது? பிரேக் தூசி, ஜல்லித் துண்டு, கசியும் தண்ணீரோடு வரும் வண்டல். ஒரு கல் மாட்டிக்கொண்டால் போதும், அந்த இடத்தில் சிலாப் மிதக்காது, அதிர்வு நேராகத் தரைக்குப் போகும். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், யார் குனிகிறார்கள்?

மென்மையான கிளிப்பிலும் வில்லங்கம் உண்டு. பெய்ஜிங்கில் கொலோன் எக் போன்ற மெத்தென்ற தாங்கிகள் போட்ட பகுதிகளில் சீக்கிரமே தண்டவாளத்தின் தலையில் அலை அலையாக வரிப்பள்ளம் விழுந்தது. விரலால் தடவினால் கைக்குத் தட்டுப்படும். சக்கரம் அதில் ஓடினால் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் காது கிழியும்.

ரயில்பித்தன்:
நான் சொல்ல வந்ததும் அதுதான். தண்டவாளத்தின் தலையைக் காலாகாலத்தில் தேய்த்துச் சமமாக்கி, அதாவது கிரைண்டிங் செய்து, சக்கரத்தில் தட்டையான இடம் விழாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் புகார் வராது. காசும் குறைவு.

குமரன்_73:
கிரைண்டிங் பட்ஜெட்டை எந்த வருஷமும் வெட்டலாம், சிலாப்பை வெட்ட முடியாது. அதனால்தான் கட்டும்போதே போடச் சொல்கிறேன். அதே பார்பிகனில் 1960களில் குடியிருப்பு கட்டியபோது கீழே போன மெட்ரோபாலிட்டன் லைனை நகர்த்தி ரப்பர் தாங்கிகளின் மேல் வைத்தார்கள். அப்போதே முடிந்தது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேஷனுக்கு மேலே அல்பனி கோர்ட்டில் ரயிலை விட்டுவிட்டுக் கட்டடத்தையே ரப்பர் மேல் உட்கார வைத்தார்கள், அதுவும் அந்தக் காலத்தில்தான்.

ரயில்பித்தன்:
புதுச் சுரங்கத்துக்கு அது சரி, அங்கே விட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம். லண்டனின் பழைய டியூப் சுரங்கம் மூன்றரை மீட்டர்தான், வண்டி கூரையை உரசாத குறை. அங்கே சிலாப்பை எங்கே மிதக்க வைப்பது? வேன்கார்ட் மாதிரி, தண்டவாளத்தை அதன் தலைக்குக் கீழே ரப்பர் ஆப்புகளால் பக்கவாட்டில் கவ்விப் பிடித்து, அடியைத் தொங்கலில் விடும் தாங்கிகள்தான் வழி. உயரம் ஏறாது, இரவு சில மணி நேர வேலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

மணிமாலா:
எங்கள் வீடு அப்படி ஒரு பழைய லைனுக்கு மேல்தான் இருக்கிறது. கடைசி வண்டி போகும்வரை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும், கடந்த ஒரு வருஷமாக அதிகம். போனில் ஆப் போட்டு அளந்தால் 40க்குள் என்றுதான் காட்டுகிறது.

பாலத்தடி:
போனை நம்பாதீர்கள் அம்மா, அந்தத் தாழ்ந்த உறுமலை அதன் மைக் சரியாகப் பிடிக்காது. ஒரு வருஷமாகக் கூடியது என்றால் தண்டவாளமோ சக்கரமோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா வண்டிக்கும் டம்ளர் ஆடுகிறதா, சில வண்டிக்கு மட்டுமா என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் தண்டவாளம், சிலதுக்கு மட்டும் என்றால் சக்கரம். அந்தக் குறிப்போடு எழுதி, கடைசியாக அங்கே எப்போது கிரைண்டிங் செய்தார்கள் என்று தேதி கேளுங்கள். வீட்டுக்கு ஆள் வந்து கருவி வைத்து அளக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

குமரன்_73:
அந்தக் கடிதத்தில் 40 என்ற வரம்பை நீங்களாக ஒத்துக்கொண்டுவிடாதீர்கள் என்று மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன்.