சைட்டம் போராட்டம்: மூடவைத்தது சரி, வென்றோமா?

முல்லை_மதி:
வணக்கம். யாழ் மருத்துவ பீடத்தில் முதலாம் வருடம். ஊர் முல்லைத்தீவு, மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவள். தனியார் மருத்துவக் கல்லூரிப் பேச்சு வந்தால் சீனியர் அண்ணாமார் உடனே "சைட்டம் தனியார் கல்லூரியை நாங்கள் மூடவைத்தோம்" என்று தொடங்கிவிடுவார்கள். அப்பாவோ "ஒரு வருசத்தைத் தொலைத்ததுதான் மிச்சம்" என்கிறார். 2017இல் உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள், எது உண்மை? கொழும்புப் பக்கம் மாலபேயில் இருந்த அந்தக் கல்லூரிக்கு எதிராக யாழ்ப்பாணம் ஏன் இறங்கியது?

பழைய_பகிஷ்கரிப்பு:
தங்கச்சி, நான் அப்போது மூன்றாம் வருடம். சைட்டம் பட்டதாரியை இலங்கை மருத்துவ சபை டொக்டராகப் பதிய வேண்டும் என்று 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு அரச மருத்துவ பீடங்களில் வகுப்புகள் நின்றன. இரண்டு கிழமையில் முடியும் என்று உடுப்புப் பையோடு ஊருக்குப் போனவர்கள், அந்த வருடத்தின் பெரும்பகுதியை வீட்டில்தான் கழித்தார்கள். ஜூனில் கொழும்பில் சுகாதார அமைச்சுக்குள் மாணவர்கள் புகுந்து அடிவாங்கிய படங்களை நாங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அறை வாடகை கட்டவேண்டுமே, கோண்டாவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூசன் எடுத்தேன். இலவசக் கல்விக்காகப் பகிஷ்கரிப்பு, சாப்பாட்டுக்குக் கட்டண வகுப்பு!

ஏன் இறங்கினோம்? உன்னைப்போல வன்னியிலிருந்து வந்த பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய பகுதி என்ற கணக்கு இல்லாவிட்டால் அவர்களில் பலர் அங்கே இல்லை. காசுக்கு ஒரு பின்கதவு திறந்தால் அந்தக் கணக்கு எத்தனை நாள் நிற்கும் என்ற பயம். கொழும்புக்காரரின் சண்டை என்று எங்களுக்குள் முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது; 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குளப்பிட்டியில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸ் சூட்டில் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வென்றோமா என்றால், பாதி. ஒக்டோபரில் சைட்டத்தை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. அங்கிருந்த மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். இலவச இடம் ஒன்றுகூடக் கூடவில்லை. ராகமவைப் பார். அங்கிருந்த வட கொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரியை 1989இல் அரசு எடுத்தது, பிறகு அது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமானது. காசு கேட்ட இடத்தில் இன்று உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக்கு இடம் கிடைக்கிறது. (அந்தக் கால ஜே.வி.பி. கிளர்ச்சியில் தெற்கில் எத்தனை மாணவர் காணாமல் போனார்கள் என்பது வேறு கணக்கு.) நாங்கள் வாயைத் திறந்தால் "தரம் இல்லை, பயிற்சிக்கு நோயாளி இல்லை" என்றே பேசினோம். அதற்கு அரசிடம் பதில் சுலபம்: தரமான இடத்துக்கு மாற்றிவிட்டோம். காசைப் பற்றிய கேள்வி அப்படியே கிடந்தது.

கொக்குவில்_அப்பா:
டொக்டர் தம்பி, டியூசன் காசு இல்லாமல் இசட் புள்ளி எடுத்த பிள்ளை எத்தனை? என் மகள் கொஞ்சப் புள்ளியில் தவறினாள். காணியை ஈடுவைத்துப் பங்களாதேஷ் அனுப்பினேன். திரும்பி வந்து மருத்துவ சபைப் பரீட்சை எழுதித்தான் பதிந்தாள். அந்தக் காசை இங்கேயே கட்டியிருந்தால் யாருக்கு நட்டம்?

பழைய_பகிஷ்கரிப்பு:
ஐயா, டியூசன் விசயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் உங்களுக்கு ஈடுவைக்கக் காணி இருந்தது. மதியின் ஊரில் காணியே இராணுவ முகாமுக்குள் கிடந்தது. உங்கள் மகளுக்கும் இங்கே ஒரு அரச இடம் கூடியிருந்தால் காணி போயிராது. நாங்கள் சண்டைபிடித்திருக்க வேண்டியது அதற்கு.

முல்லை_மதி:
நன்றி அண்ணா. 2021இலும் ஏதோ நடந்ததாமே?

பழைய_பகிஷ்கரிப்பு:
அந்தக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கான சட்டமூலம். கட்டணக் கல்விக்கு வழி என்று அதை எதிர்த்த ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினைக் கைதுசெய்து, தனிமைப்படுத்தல் என்று சொல்லி உங்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். சட்டமூலம் நிறைவேறவில்லை. அப்பாவுக்கு இதையும் சொல். அடுத்த கூட்டத்தில் அண்ணாமாரிடம் ஒன்று கேள்: மூடச்சொல்கிறீர்களா, அரசு எடுக்கச்சொல்கிறீர்களா? அது தெரியாமல் வகுப்பை விடாதே.