மருத்துவ மேற்படிப்பு (பி.ஜி.) முதல் வருடம்: எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?

கேள்வி:
எம்.டி. பொது மருத்துவம் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று டியூட்டி முடிய 30 மணி நேரம் தாண்டிவிட்டது. ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். சீனியர்கள் சொல்லுங்கள், எது உதவியது?

பதில் (இறுதியாண்டு):
தங்கச்சி, முதலில் சாப்பாடு. ரவுண்ட்ஸுக்கு முன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே போகவேண்டும். எனக்கு உண்மையில் கைகொடுத்தது கோட்டுப் பையில் வைத்திருந்த ஒரு சின்ன நோட்டுதான். படுக்கை எண், வரவேண்டிய ரிப்போர்ட், பேசவேண்டிய உறவினர், எல்லாம் அதில் இருக்கும். டியூட்டி மாறும்போது அதைப் பார்த்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டால், படுத்த பிறகு ‘ஆறாம் பெட் பொட்டாசியம் ரிப்போர்ட் பார்த்தோமா?’ என்று பதறி எழ வேண்டியதில்லை. அப்புறம், இரவு மூன்று மணிக்குச் சந்தேகம் வந்தாலும் சீனியரைக் கூப்பிடு. என் சீனியர் அக்கா ஒருமுறைகூடச் சலித்துக்கொண்டதில்லை. அவரால்தான் நான் படிப்பை விட்டுப் போகவில்லை.

பதில்:
லீவு கேட்கத் தயங்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறையில் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு உண்டு. 1992-லேயே மத்திய அரசு டியூட்டி வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது. நடைமுறை வேறு, ஆனாலும் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. நோட்டு வாங்கிவிட்டேன். இன்று இரவும் டியூட்டிதான்.