எஸ்பெராண்டோ: ‘-ன்’ விகுதி எங்கே வரும், எங்கே வரக்கூடாது?

புதுமொழிப்பிரியன்:

எஸ்பெராண்டோ என்கிற செயற்கை மொழியின் 16 விதிகளையும் படிச்சாச்சு. பெயர்ச்சொல்லுக்கு ‘-ஓ’, பெயரடைக்கு ‘-ஆ’, நிகழ்காலம் ‘-ஆஸ்’, இறந்தகாலம் ‘-இஸ்’, எதிர்காலம் ‘-ஓஸ்’. இதுவரை சிக்கல் இல்லை. இரண்டாம் வேற்றுமைக்கு ‘-ன்’ என்கிறார்கள். நம்ம ‘ஐ’ மாதிரிதானே என்று எழுதினால் பயிற்சித் தளம் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு போடுது. கீழே உள்ளதில் என்ன தப்பு?

1. என்னிடம் புத்தகம் இருக்கு: ‘மி ஹாவாஸ் லிப்ரோ.’
2. அவர் ஆசிரியர்: ‘லி எஸ்டாஸ் இன்ஸ்ட்ருயிஸ்டோன்.’
3. கதவு திறந்தது: ‘லா போர்டோ மால்ஃபெர்மிஸ்.’
4. எங்கே போறீங்க?: ‘கீயே வி இராஸ்?’
5. நான் வாங்கிய புத்தகம்: ‘லா லிப்ரோ, கீயு மி ஆச்சேட்டிஸ்.’

வேர்ச்சொல்:

இரண்டாவதைத் தவிர மற்ற நாலிலும் தமிழ்தான் உள்ளே புகுந்து வேலை பார்த்திருக்கு.

முதல் வாக்கியம்: தமிழில் ‘புத்தகம்’ எழுவாய், அதனால் உருபு இல்லை. ‘ஹாவி’ என்பது ‘கொண்டிரு’ என்கிற மாதிரி செயப்படுபொருள் கேட்கும் வினை. ஆக ‘மி ஹாவாஸ் லிப்ரோன்’. இன்னொன்றையும் கவனிங்க. ‘புத்தகம் படிச்சேன்’ என்று அஃறிணையில் நாம் ‘ஐ’யை விட்டுவிடுவோம். அந்தச் சலுகை இங்கே கிடையாது. ‘போமோ’ (ஆப்பிள்) சாப்பிட்டாலும் ‘மி மாஞ்ஜாஸ் போமோன்’தான்.

பெயரடையும் கூடவே விகுதி வாங்கும். ‘நல்ல’ நமக்கு எங்கேயும் ‘நல்ல’தான். இங்கே ஒருமையில் ‘போனான் லிப்ரோன்’, பன்மையில் ‘போனாய்ன் லிப்ரோய்ன்’. முதலில் பன்மையின் ‘ய்’, அப்புறம்தான் ‘ன்’, வரிசை மாறாது.

இரண்டாவது: ‘எஸ்டி’ (இரு) வினைக்குப் பின் ‘-ன்’ வராது. ‘ஷாய்னி’ (தோன்று), ‘ரெஸ்டி’ (எஞ்சு, தங்கு) இவற்றுக்கும் அப்படியே. ‘லி எஸ்டாஸ் இன்ஸ்ட்ருயிஸ்டோ’. தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் முடிப்போம். இங்கே ‘எஸ்டாஸ்’ விடவே கூடாது.

இந்த ‘-ன்’ எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரே ஜோடியில் பார்க்கலாம்:

‘லி ட்ரோவிஸ் லா போனான் வீனோன்’: நல்ல வைனைத் தேடிக் கண்டுபிடித்தான்.
‘லி ட்ரோவிஸ் லா வீனோன் போனா’: வைன் நன்றாக இருப்பதாக அவனுக்குப் பட்டது.

இரண்டாவதில் ‘போனா’ வைனோடு ஒட்டிய அடை இல்லை, அவனுடைய தீர்ப்பு. அதனால்தான் ‘-ன்’ இல்லை. ‘லா வீனோன் போனான்’ என்று எழுதினால் பொருள் முதல் வாக்கியத்துக்கே திரும்பிவிடும்.

நாலாவது: 13ஆம் விதி. போகும் திசையைக் காட்ட ‘-ன்’ வரும். ‘என்’ என்றால் இங்கே ‘உள்ளே’. ‘மி கூராஸ் என் லா ஜார்டேனோ’ என்றால் தோட்டத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். ‘மி கூராஸ் என் லா ஜார்டேனோன்’ என்றால் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் ஓடுகிறேன். நம்ம ‘எங்கே’ இரண்டுக்கும் பொது, அங்கேதான் வழுக்குது. ‘எங்கே இருக்கீங்க’ என்றால் ‘கீயே’, ‘எங்கே போறீங்க’ என்றால் ‘கீயேன்’. ஆனால் ‘ஆல்’ (-க்கு), ‘ஜிஸ்’ (வரை) போன்றவை திசையைத் தாமே சொல்லிவிடுவதால் அவற்றுக்குப் பின் ‘-ன்’ வேண்டாம். முன்னிடைச்சொற்கள் (பெயருக்கு முன்னால் வரும் ‘என்’, ‘ஆல்’ போன்றவை) தம்மளவில் எழுவாய் வடிவத்தையே கேட்கும் என்பது 8ஆம் விதி.

ஐந்தாவது: நமக்குப் பெயரெச்சம் இருக்கு, ‘வாங்கிய புத்தகம்’ என்று முடிந்துவிடும். இங்கே ‘கீயு’ போட்டுத் துணை வாக்கியம் கட்டணும். அந்தத் துணை வாக்கியத்துக்குள் அது என்ன வேலை செய்கிறதோ அதன்படி ‘-ன்’. புத்தகத்தை வாங்கினேன், ஆகவே ‘கீயுன் மி ஆச்சேட்டிஸ்’. வெளியே ‘லா லிப்ரோ’ எழுவாயா செயப்படுபொருளா என்பது ‘கீயு’வைப் பாதிக்காது. முன்னால் காற்புள்ளி போடுவது வழக்கம்.

செயப்படுபொருளே இல்லாமலும் ‘-ன்’ வரும். கால அளவு: ‘மி டோர்மிஸ் டு ஹோரோய்ன்’, இரண்டு மணிநேரம் தூங்கினேன். கிழமை: ‘லூண்டோன்’, திங்கட்கிழமையன்று.

‘-ன்’ இருப்பதால் சொல் வரிசை கட்டற்றது. ‘லா ஹுண்டோ மோர்டிஸ் லா காட்டோன்’, ‘லா காட்டோன் மோர்டிஸ் லா ஹுண்டோ’ இரண்டிலும் கடித்தது நாய்தான், கடிபட்டது பூனைதான். 1907இல் பிரிந்துபோன ‘இடோ’ மொழி பெயரடை ஒத்திசைவை எடுத்துவிட்டு, செயப்படுபொருள் முன்னால் வந்தால் மட்டும் ‘-ன்’ போதும் என்றது. என்னைக் கேட்டால் அதுதான் குழப்பம்; எப்போதும் போடுவது பழக சுலபம்.

பச்சை நட்சத்திரம்:

மூன்றாவது விட்டுப்போச்சு. அது வேற்றுமைச் சிக்கல் இல்லை, தன்வினை பிறவினைச் சிக்கல்.

‘-இக்-’ என்றால் ‘ஆக்கு’, ‘-இஜ்-’ என்றால் ‘ஆகு’. ‘ருஜா’ சிவப்பு, ‘ருஜீகி’ சிவப்பாக்கு, ‘ருஜீஜி’ சிவப்பாகு. ‘திருத்து, திருந்து’ என்று பழகிய நமக்கு இது கைவந்த கலை. எங்கே சறுக்கும் என்றால், தமிழில் ஒரே வினை இரண்டு வேலையும் பார்க்கும் இடங்களில். ‘கதவு திறந்தது, கதவைத் திறந்தேன்’, ‘வகுப்பு தொடங்கியது, வகுப்பைத் தொடங்கினார்’. ‘மால்ஃபெர்மி’யும் (திற) ‘கொமென்ட்ஸி’யும் (தொடங்கு) செயப்படுபொருள் கேட்பவை. கதவு தானாகத் திறந்தால் ‘மால்ஃபெர்மீஜிஸ்’, வகுப்பு தொடங்கினால் ‘கொமென்ட்ஸீஜிஸ்’. ‘முடிந்தது, முடித்தார்’ என்று தமிழே பிரித்துக் காட்டும் இடத்தில் (‘ஃபினீஜிஸ்’, ‘ஃபினிஸ்’) யாரும் தப்பு பண்ணுவதில்லை. ‘போலி’ (கொதி) இதற்கு நேர்மாறு, அது தானாக நடப்பது: ‘லா ஆக்வோ போலாஸ்’. நீங்கள் கொதிக்கவைத்தால் ‘போலீகாஸ்’.

அடுத்து நீங்கள் முட்டப்போகும் இடத்தையும் சொல்லிடறேன். ஒவ்வொரு வேருக்கும் பிறவிக்குணம் ஒன்று உண்டு. ‘கோம்பி’ தலைசீவு, அது வினைவேர். எனவே ‘கோம்போ’ என்றால் சீவுதல், சீப்பு இல்லை. சீப்புக்குக் கருவி விகுதி ‘-இல்-’ சேர்த்து ‘கோம்பீலோ’. ‘ப்ரோஸோ’ பெயர்வேர், அதுவே பிரஷ்; ‘ப்ரோஸீலோ’ என்றால் சிரிப்பார்கள். சுத்தியலும் ‘மார்டேலோ’ மட்டுமே. கத்தி ‘ட்ரான்ச்சீலோ’, சாவி ‘ஷ்லோஸீலோ’. அகராதியில் தலைச்சொல் ‘-இ’யில் முடிகிறதா ‘-ஓ’விலா என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கும்.

நீளமான சொல்லை வலமிருந்து பிரிங்க. ‘மால்-ஸான்-உல்-ஏய்-ஓ’: ஓ பெயர், ஏய் இடம், உல் ஆள், ஸான் நலம், மால் எதிர். நலமில்லாத ஆட்கள் இருக்கும் இடம், மருத்துவமனை. ‘உல்’ விட்டுப்போனால் நோய்க்கான இடமாகிவிடும். ‘மால்’ என்பது ‘இல்லை’ அல்ல, நேர் எதிர். ‘நெபேலா’ அழகில்லாத, ‘மால்பேலா’ அசிங்கமான.

எழுத்துக்கூட்டி:

வேர்ச்சொல் அண்ணன் ‘வரிசை கட்டற்றது’ என்றதில் ஒரு திருத்தம். ‘நே’ (இல்லை), ‘நூர்’ (மட்டும்), ‘ஆங்காவ்’ (உம்) மூன்றும் தாம் தொடும் சொல்லுக்கு நேர் முன்னால் நிற்கணும். நமக்கு ‘உம்’மும் ‘மட்டும்’மும் பின்னால் ஒட்டும். ‘நானும் வர்றேன்’ என்பதை அப்படியே ‘மி ஆங்காவ் வேனாஸ்’ என்று எழுதினால், வருவதையும் செய்கிறேன் என்ற பக்கம் சாயும். ‘ஆங்காவ் மி வேனாஸ்’ என்று எழுதுங்க.

உச்சரிப்பும் முக்கியம். தமிழ் எழுத்தில் குறித்துப் படித்தால் ‘பானோ’ ரொட்டியா (வல்லோசை) குளியலா (மெல்லோசை) தெரியாது. ‘க்ளாஸோ’ வகுப்பா கண்ணாடி டம்ளரா தெரியாது. மொழியில் உள்ள 28 எழுத்தையும் அப்படியே பழகிடுங்க. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில்.

வினா, சுட்டுச் சொற்களின் அட்டவணை 5 தலை (முன்பகுதி), 9 வால் (பின்பகுதி), ஆக 45 சொல். ‘கி-’ நம்ம எ, ‘டி-’ நம்ம அ. ஆனா ‘இ-’ நம்ம இ கிடையாது! ‘ஈயே’ என்றால் எங்கோ, ‘ஈயாம்’ எப்போதோ. அண்மைச் சுட்டுக்குத் தனியாக ‘ச்சி’ சேர்க்கணும்: இங்கே என்பது ‘ச்சி டீயே’. பெயரோடு வந்தால் ‘டீயு லிப்ரோ’ (அந்தப் புத்தகம்), தனியாக நின்றால் ‘டீயோ’ (அது). ‘டீயோ லிப்ரோ’ தப்பு.

புதுமொழிப்பிரியன்:

நன்றி. இப்போ இரண்டு பாருங்க.

நானும் வெள்ளை வீடுகளைப் பார்த்தேன்: ‘ஆங்காவ் மி விடிஸ் ப்ளாங்கா டோமோய்ன்.’
நீங்க இங்கே எப்போ வந்தீங்க?: ‘கீயாம் வி வேனிஸ் ச்சி டீயே?’

வேர்ச்சொல்:

முதலாவதில் ‘ப்ளாங்காய்ன் டோமோய்ன்’. பெயரடை பன்மையும் ‘-ன்’னும் இரண்டுமே வாங்கணும். இரண்டாவதில் வந்தது இங்கே நோக்கி, ஆகவே அதே 13ஆம் விதி: ‘ச்சி டீயேன்’. ‘கீயாம்’ (எப்போது) மேல் எப்போதும் ‘-ன்’ ஏறாது. ‘கீயால்’ (ஏன்), ‘கீயேல்’ (எப்படி), ‘கீயோம்’ (எவ்வளவு), ‘கீயேஸ்’ (யாருடைய) நாலும் அப்படித்தான்.